வெளி நிறுவனத்திடம் செயற்கை நுண்ணறிவுப் பணியை ஒப்படைக்கலாமா? சேகோ ஆலை ஒன்றின் கேள்வி

ஆத்தூர் ஆலைக்காரர்

அனைவருக்கும் வணக்கம். ஆத்தூர் வட்டாரத்தில் எங்கள் குடும்பம் இரண்டு தலைமுறையாகச் சேகோ, அதாவது ஜவ்வரிசி, ஆலை நடத்தி வருகிறது. சென்ற மாதம் வெளியூர்த் தரவு அறிவியல் நிறுவனம் ஒன்று எங்களைத் தேடி வந்து, மூன்று பணிகளை ஒரே திட்டமாகச் செய்து தருவதாக எழுத்தில் கொடுத்திருக்கிறது. லாரியில் வந்து இறங்கும் மரவள்ளிக் கிழங்கைப் படம் எடுத்தே அதன் மாவுச்சத்துப் பாயிண்ட் எவ்வளவு என்று சொல்வது முதலாவது. களத்தில் காய்ந்து வரும் ஜவ்வரிசியின் நிறம், குருணை அளவு, உடைசல் ஆகியவற்றைக் கேமரா மூலம் தரம் பிரிப்பது இரண்டாவது. சேலத்தின் ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் நடத்தும் ஏலத்தில் 90 கிலோ மூட்டை அடுத்த வாரம் என்ன விலைக்குப் போகும் என்று முன்கூட்டிச் சொல்வது மூன்றாவது. மூன்றிலும் 95 சதவீதத் துல்லியம் கிடைக்கும் என்று உறுதி கூறுகிறார்கள். கேட்கும் தொகை எங்களைப் போன்ற ஆலைக்குச் சிறியதன்று, அதற்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் உண்டு.

எனக்கு ஆலை தெரியும், கணினி தெரியாது. அவர்கள் பேசுவதில் எது உண்மை, எது மிகை என்று பிரித்தறிய எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியவில்லை. இப்படி வெளி நிறுவனத்தை அமர்த்திய அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

அஸ்தம்பட்டி தரவுப் பொறியாளர்

வணக்கம் ஐயா. நான் பன்னிரண்டு ஆண்டுகளாக இப்பணியில் இருக்கிறேன். அதில் பாதிக் காலம், இப்போது உங்களிடம் வந்திருப்பதைப் போன்ற நிறுவனங்களின் பக்கத்தில் அமர்ந்து முன்மொழிவு எழுதியவள். அதனால் அந்தப் பக்கம் எப்படி யோசிக்கும் என்பதை அறிந்தே எழுதுகிறேன்.

மூன்று பணிகளையும் ஒன்றாகக் கட்டியதுதான் முதற்பிழை. அவை வெவ்வேறு இயல்புள்ள கேள்விகள்.

பாயிண்ட் பார்ப்பதை எடுத்துக்கொள்வோம். உங்கள் ஆலையில் இப்போது கிழங்கைத் தண்ணீருக்குள் எடை போட்டுத்தானே பார்க்கிறீர்கள்? அது சாதாரண இயற்பியல், ஆனால் மிக நல்ல இயற்பியல். மாவுச்சத்து தண்ணீரைவிட அடர்த்தி மிகுந்தது. ஆகவே மாவு மிகுந்த கிழங்கு தண்ணீருக்குள்ளும் கூடுதல் எடை காட்டும். வெளியில் 5 கிலோ இருக்கும் கிழங்கு தண்ணீருக்குள் 500 கிராம் காட்டினால் அதன் ஒப்படர்த்தி 1.11, 400 கிராம் காட்டினால் ஏறத்தாழ 1.09. இந்தச் சிறு வேறுபாட்டில்தான் பாயிண்ட் ஒளிந்திருக்கிறது. தோலும் மண்ணும் மூடிய கிழங்கை மேலிருந்து படம் எடுக்கும் சாதாரணக் கேமராவுக்கு இந்த வேறுபாடு தெரிய வழியே இல்லை. அகச்சிவப்புக்கு நெருங்கிய ஒளியைக் கொண்டு மாவுச்சத்தை அளக்கும் கருவிகள் உண்மையிலேயே இருக்கின்றன, ஆனால் அவர்கள் உங்களுக்குத் தருவதாகச் சொல்லும் கேமரா அதுவன்று. இந்த முதற்பணியை எவ்வளவு தள்ளுபடி கொடுத்தாலும் ஏற்காதீர்கள்.

இரண்டாவது, ஜவ்வரிசித் தரம். இது கண்ணுக்குத் தெரியும் பொருள், ஆகவே கேமராவால் செய்யக்கூடியதுதான். இங்கேதான் 95 சதவீதம் என்ற சொல்லைக் கவனமாகப் பார்க்க வேண்டும். உங்கள் ஆலையில் 100 மூட்டைக்கு 95 மூட்டை நல்ல தரமாகவே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எதையும் பார்க்காமல் எல்லா மூட்டையையும் நல்லது என்று சொல்லும் நிரலும் 95 சதவீதத் துல்லியம் பெற்றுவிடும், ஆனால் உங்களுக்கு வேண்டிய அந்த ஐந்து மூட்டையில் ஒன்றைக்கூட அது பிடித்திருக்காது. ஆகவே இரண்டு எண்களைத் தனித்தனியே கேளுங்கள். குறையுள்ள மூட்டைகளில் எத்தனையை நிரல் கண்டுபிடித்தது? குறை என்று அது சொன்னவற்றில் எத்தனை உண்மையிலேயே குறையுள்ளவை? இந்த இரண்டையும் சொல்லத் தயங்கும் நிறுவனத்தோடு மேலே பேச வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் கருதுவது ஒன்று உண்டு. நிரலைச் சோதிக்கும் மாதிரிகளை நீங்களே தேர்ந்தெடுத்து, நீங்களே தரக்குறி இட்டு, உங்கள் பூட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தார் கடைசி நாள்வரை அவற்றைக் கண்ணால் பார்க்கக் கூடாது. நிரலுக்குக் கற்றுக்கொடுக்கும் பயிற்சிக்கு அவர்கள் மாதிரி எடுத்த நாட்களிலிருந்தே சோதனைக்கும் மாதிரி எடுத்தால், ஒரே களம், ஒரே வெயில், ஒரே நாள் சரக்கு இரண்டு பக்கமும் கலந்துவிடும். நிரல் தரத்தைக் கற்றதா, அந்த நாளின் வெயிலைக் கற்றதா என்பது தெரியாமலே போகும். கெட்ட எண்ணம் இல்லாத, நேர்மையான பொறியாளர்களும் இந்தத் தவறைச் செய்கிறார்கள். நானும் செய்து, பிறகு திருத்தியிருக்கிறேன்.

தம்மம்பட்டி விவசாயி

குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி பயிரிடுபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆலைக்குக் கிழங்கு கொண்டுவரும் எங்களுக்கு, ஒரு பாயிண்ட் கூடுவதும் குறைவதும் ஓராண்டு உழைப்பின் கூலி. தண்ணீர்த் தராசு என்றால் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்க்க முடிகிறது. மண்ணைக் கழுவிப் போடுங்கள், இன்னொரு முறை போடுங்கள் என்று கேட்க முடிகிறது. கேமரா ஓர் எண்ணைச் சொன்னால் அதை யாரிடம் போய்க் கேட்பது? ஆலைக்காரர் ஐயா நல்லவராக இருக்கலாம், அவருக்கும் அந்த எண் எப்படி வந்தது என்று தெரியாதே. அந்தப் பணத்தில் ஒரு சிறு பகுதியை, எடை திரையில் தெரிகிற மாதிரியும் ரசீது அச்சாகிற மாதிரியும் ஒரு நல்ல தராசுக்குச் செலவிட்டால் எங்கள் சந்தேகம் பாதி தீர்ந்துவிடும்.

ஆத்தூர் ஆலைக்காரர்

தம்மம்பட்டி நண்பர் சொன்னதை மனத்தில் வாங்கிக்கொண்டேன். பாயிண்ட் பணியை விட்டுவிடுகிறேன். தராசைப் பற்றிய கருத்து எனக்கு இதுவரை தோன்றாதது, அதற்கு நன்றி.

ஏற்காடு காப்பித் தோட்டம்

எங்கள் தோட்டத்தில் நடந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன், ஏனெனில் பணம் கொடுத்த பின் கற்றுக்கொண்ட பாடம் இது.

சேர்வராயன் மலையில் அராபிகா வைத்திருப்பவர்களுக்கு வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. வண்டு பட்டையின் வெடிப்பில் முட்டையிடும், புழு தண்டுக்குள் குடைந்து போகும், வெளியே பட்டையில் மேடுமேடாக வரி எழும், இலை வெளுத்து வாடும். தாக்கிய செடியை அடையாளம் கண்டு, வண்டு வெளிவரும் பருவத்துக்கு முன்பே பிடுங்கி எரித்துவிட வேண்டும். ஏப்ரல் மே மாதங்களில் ஒன்று, அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை ஒன்று என ஆண்டுக்கு இரண்டு பருவம். அதற்கு முன் செடி செடியாகப் பார்த்து முடிக்க ஆள் கிடைப்பதில்லை. ஆகவே கைப்பேசியில் தண்டைப் படம் எடுத்தால் தாக்கிய செடியா இல்லையா என்று சொல்லும் செயலி ஒன்றைச் செய்து தர ஒரு நிறுவனத்தை அமர்த்தினோம்.

அவர்கள் ஜனவரி மாதத்தில், வானம் தெளிந்த ஒரு வாரத்தில் வந்து, சாலையோரம் இருந்த ஒரே பிளாக்கில், ஒரே கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். செய்முறை விளக்கம் கொடுத்த நாளில் செயலி அருமையாக வேலை செய்தது, நாங்கள் எல்லோரும் மகிழ்ந்து மீதித் தொகையைக் கொடுத்துவிட்டோம். செப்டம்பரில் செடி பார்க்கும் வேலை தொடங்கியபோது மலை முழுவதும் மூடுபனி. சில்வர் ஓக் நிழலில் தண்டெல்லாம் நனைந்து பாசி படிந்திருந்தது. செயலி பாசியை வரி என்றது, உண்மையான வரியைப் பாசிக்கடியில் தவறவிட்டது.

அதைவிட வருத்தமான செய்தி பிறகுதான் தெரிந்தது. பயிற்சிப் படங்களில் எது தாக்கிய செடி, எது நல்ல செடி என்று குறித்தவர்கள், காப்பிச் செடியை அதற்கு முன் பார்த்தே இராத அலுவலகப் பிள்ளைகள். எங்கள் தோட்டத்தில் இருபத்தைந்து ஆண்டுகளாகத் துளைப்பான் பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். ஒரு நாள் அவரை உட்காரவைத்து அந்தப் படங்களைக் காட்டினோம். தாக்கியவை என்று குறிக்கப்பட்டிருந்தவற்றில் பலவற்றை, இது கத்திக் காயம், இது பழைய தழும்பு என்று அவர் ஒதுக்கிவிட்டார். அவரை ஒருவரும் முதலில் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. இந்த வேலையில் இரண்டு வகைத் தவறும் சமமல்ல. நல்ல செடியைத் தாக்கியது என்று செயலி சொன்னால், ஆள் நின்று பட்டையைச் சுரண்டிப் பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போவார், நட்டம் சில நிமிடம். தாக்கிய செடியை நல்லது என்று விட்டுவிட்டால் அதிலிருந்து வெளிவரும் வண்டுகள் அக்கம்பக்கச் செடிகளுக்குப் பரவும். இதை நாங்கள் ஒப்பந்தத்தில் எழுதவில்லை, அவர்களும் கேட்கவில்லை, இரண்டு தவறையும் ஒரே எடையில் வைத்து நிரலைப் பழக்கிவிட்டார்கள். ஆண்டுப் பராமரிப்புத் தொகையை நாங்கள் நிறுத்தியதும் செயலியே திறக்கவில்லை, ஏனெனில் எல்லாம் இணையவழிச் சேமிப்பான கிளவுடில் அவர்களுடைய கணக்கில் இருந்தது. எங்கள் தோட்டத்தில் எடுத்த படங்களைத் திரும்பப் பெறுவதற்கே நான்கு மாதம் அலைந்தோம்.

அஸ்தம்பட்டி தரவுப் பொறியாளர்

ஏற்காடு அம்மா எழுதியதைப் படித்தபோது மதுரை நினைவுதான் வந்தது. நீரிழிவால் விழித்திரையில் வரும் பாதிப்பைப் படத்திலிருந்து கண்டறிய கூகுள் செய்த ஆய்வு 2016இல் வெளியானது. மதுரையின் அரவிந்த் கண் மருத்துவமனையும் அதில் பங்கெடுத்தது. பயிற்சிக்கு எடுத்தவை 1,28,175 படங்கள். தரக்குறி இட்டவர்கள் 54 கண் மருத்துவர்கள். ஒவ்வொரு படத்தையும் குறைந்தது மூன்று முறை, சிலவற்றை ஏழு முறை வரை தனித்தனியே பார்த்தார்கள். துறை அறிந்தவர்களின் கண்ணுக்கு அவ்வளவு இடம் கொடுத்தார்கள். அப்படியிருந்தும், பின்னர் தாய்லாந்தின் சிறு மருத்துவமனைகளில் அந்த முறையைப் பயன்படுத்திப் பார்த்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட படங்களைத் தெளிவில்லை என்று நிரல் ஒதுக்கிவிட்டது தெரிந்தது. அங்கே அறையின் வெளிச்சம் வேறு. மூடுபனியில் உங்கள் செயலிக்கு நேர்ந்ததும் அதுவேதான்.

ஆகவே ஆத்தூர் ஐயா, ஒரு ரூபாய் செலவில்லாமல் இன்றே செய்யக்கூடிய ஒரு வேலை சொல்கிறேன். ஜவ்வரிசி மாதிரிகளைச் சிறு பொட்டலங்களாகக் கட்டி எண் மட்டும் எழுதுங்கள். உங்கள் தரம் பார்ப்பவரை ஒருமுறை தரம் சொல்லச் சொல்லுங்கள். இரண்டு நாள் கழித்து வரிசையை மாற்றி அவரையே மறுபடி கேளுங்கள். பிறகு நீங்களும் தனியே பாருங்கள். ஒரே மனிதர் இரண்டு முறை சொன்னதே எவ்வளவு ஒத்துப்போகிறது என்று தெரியும். மனிதர்கள் தங்களுக்குள் 85 சதவீதம்தான் ஒத்துப்போகிறார்கள் என்றால், அவர்கள் இட்ட குறியிலிருந்து கற்ற நிரல் 95 என்று சொல்வதற்குப் பொருளே இல்லை.

நிறத்தைப் பற்றியும் ஒரு கவலை. வெண்மையை மட்டும் தரம் என்று நிரலுக்குக் கற்றுக்கொடுத்தால், ரசாயனம் போட்டு வெளுத்த சரக்குக்கு அது முதலிடம் கொடுக்கும். சேலம் ஜவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அந்தப் பெயருக்குக் கேடு வராமல் எதைத் தரம் என்று வரையறுப்பது என்பதை உங்களைப் போன்றவர்கள்தாம் முடிவு செய்ய வேண்டும், நிறுவனத்தார் அல்லர்.

ஆத்தூர் ஆலைக்காரர்

பொட்டலச் சோதனையை நாளையே தொடங்குகிறேன். இரண்டு ஐயங்கள். விலை முன்கணிப்பை வைத்துக்கொள்ளலாமா? ஒப்பந்தத்தில் எதை எழுத வேண்டும்? அவர்கள் அனுப்பிய வரைவில், உருவாகும் நிரல் யாருக்குச் சொந்தம் என்று ஒரு வரிகூட இல்லை. பணம் கொடுப்பது நான் என்பதால் அது தானாகவே எனக்குத்தானே வரும்?

சேலம் வழக்குரைஞர்

வராது ஐயா. பெரும்பாலோர் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் கணினி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகையில் அடங்கும். உங்கள் சம்பளத்தில் இருக்கும் ஊழியர் பணியின் பகுதியாக எழுதிய நிரலுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, 17ஆம் பிரிவின்படி நீங்களே முதல் உரிமையாளர். வெளி நிறுவனம் உங்கள் ஊழியர் அன்று. எனவே அது எழுதிய நிரல் அதனுடையது. அந்த உரிமை உங்களுக்கு மாற வேண்டுமானால் 19ஆம் பிரிவின்படி எழுத்தில், உரிமையைக் கொடுப்பவரின் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டுகள் என்றும், எந்த நிலப்பரப்புக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே காலம், பரப்பு இரண்டையும் வெளிப்படையாக எழுதுங்கள். நிரல் மட்டுமல்லாமல், உங்கள் படங்களிலிருந்து கற்றுத் தரம் சொல்லும் மாடல், நீங்கள் இட்ட தரக்குறிகள், எடுத்த படங்கள் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

விவசாயிகளின் பெயர், கைப்பேசி எண், வங்கிக் கணக்கு ஆகியவை உங்கள் கொள்முதல் பதிவேட்டில் இருக்கும். அதை அப்படியே நிறுவனத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உங்களுக்காக வேறொருவர் தரவைக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையதே. பாதுகாப்பு ஏற்பாடு செய்யத் தவறியதற்கு 250 கோடி ரூபாய்வரை தண்டத்தொகை விதிக்க அச்சட்டம் இடம் தருகிறது. ஜவ்வரிசித் தரம் பார்க்க யாருடைய பெயரும் தேவையில்லை. வரிசை எண் போதும்.

அஸ்தம்பட்டி தரவுப் பொறியாளர்

வழக்குரைஞர் ஐயா சொன்னதோடு தொழில்நுட்பப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். கிளவுட் கணக்கையும் நிரல் சேமிப்புக் கணக்கையும் முதல் நாளே உங்கள் ஆலையின் பெயரில் திறந்து, அவர்களுக்கு நுழைவுரிமை மட்டும் கொடுங்கள். எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி வெளியிடப்பட்ட திறமூல நிரல்களில் எவற்றை அடித்தளமாக எடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைக் கேளுங்கள். பொருள்களைப் படத்தில் கண்டறிய யோலோ என்ற நிரல் குடும்பத்தைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அவற்றில் அல்ட்ராலிடிக்ஸ் நிறுவனம் வெளியிடும் பதிப்புகள், அவற்றின் மேல் கட்டும் நிரலையும் திறந்து வைக்கக் கோரும் ஏஜிபிஎல் 3.0 உரிமத்தில் வருபவை. அந்த உரிமத்தின் நிபந்தனைகளுக்கு உட்பட விரும்பாவிட்டால் வணிக உரிமம் தனியே வாங்க வேண்டும். அந்தச் செலவு யாருடையது என்று முன்பே எழுதிக்கொள்வது நல்லது. கடைசித் தவணையை, இந்தத் திட்டத்தில் வேலை செய்யாத வேறொரு பொறியாளர் உங்கள் கணக்கிலிருந்தே மாடலை முதலிலிருந்து மறுபடி பயிற்றுவித்துக் காட்டிய பிறகு மட்டும் கொடுங்கள். ஏற்காடு அம்மாவுக்கு நேர்ந்தது நேராமலிருக்க எனக்குத் தெரிந்த உறுதியான வழி இதுதான்.

விலை முன்கணிப்புக்கு வருகிறேன். முன்கணிப்பு ஆய்வாளர் ஸ்பைரோஸ் மக்ரிடாகிஸ் தலைமையில் 2018இல் நடந்த எம்4 போட்டியில் ஒரு லட்சம் காலத்தொடர்களை, அதாவது கால வரிசையில் பதிந்த எண்களின் தொகுப்புகளை, வைத்து முன்கணிப்பு முறைகளை ஒப்பிட்டார்கள். கலந்துகொண்ட ஆறு தூய இயந்திரக் கற்றல் முறைகளில் ஒன்றுகூட, எளிய புள்ளியியல் முறைகளின் சராசரியை விஞ்சவில்லை. பருவ ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்துவிட்டு, சென்ற முறை இருந்த அளவே அடுத்த முறையும் இருக்கும் என்று சொல்லும் மிக எளிய முறையைக்கூட அவற்றில் ஒன்றுதான் விஞ்சியது. இரண்டாண்டு கழித்து, அங்காடிகளின் ஆயிரக்கணக்கான சரக்கு விற்பனையை வைத்து நடந்த எம்5 போட்டியில் இயந்திரக் கற்றல் வென்றது; அங்கே ஒன்றிலிருந்து ஒன்று கற்றுக்கொள்ள ஏராளமான தொடர்கள் இருந்தன. உங்களிடம் இருப்பதோ ஒரே பொருளின் விலைத் தொடர், அதையும் மழை, வடமாநில விரத காலத் தேவை, மக்காச்சோள மாவின் விலை எல்லாம் ஆட்டுகின்றன. ஆகவே அவர்களிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இந்த வார ஏல விலையே அடுத்த வாரமும் இருக்கும் என்று நான் ஒரு தாளில் எழுதிவைத்தால், அதைவிட உங்கள் கணிப்பு எத்தனை ரூபாய் நெருக்கமாக இருக்கிறது?

கன்னங்குறிச்சி வாசகர்

இவ்வளவு சிரமப்பட்டு வெளி நிறுவனத்தை அமர்த்துவதைவிட, சேலத்தில் படித்து முடித்த இளைஞர் ஒருவரை ஆலையிலேயே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமே? உரிமைச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

அஸ்தம்பட்டி தரவுப் பொறியாளர்

நல்ல யோசனை, ஆனால் அவருக்கு வழிகாட்ட மூத்தவர் ஒருவர் இல்லாவிட்டால் அந்த இளைஞரின் இரண்டு ஆண்டுகள் வீணாகும். முதல் மாடலை வெளி நிறுவனம் செய்யட்டும். அந்தக் காலம் முழுவதும் ஆலையின் சார்பில் ஒரு பட்டதாரி அவர்களோடு உட்கார்ந்து கற்கட்டும் என்பதையே நான் விரும்புவேன். கேமராவின் கண்ணாடியில் மாவுத் தூசி படிந்து தரம் மாறியிருப்பதை ஓராண்டுக்குப் பிறகு கவனிக்கப்போகிறவர் அவர்தான்.

ஆத்தூர் ஆலைக்காரர்

பொட்டலச் சோதனையை முடித்துவிட்டேன். அறுபது பொட்டலம் கட்டினோம். எங்கள் தரம் பார்ப்பவர் முப்பது ஆண்டு அனுபவம் உள்ளவர். இரண்டாம் முறை அவர் தம் முடிவை மாற்றியது ஒன்பது பொட்டலத்தில். நானும் அவரும் மாறுபட்டது பதினான்கில். அவருக்கு முதலில் மனவருத்தம் இருந்தது, பிறகு அவரே அந்தப் பதினான்கையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்து, மாறுபாடெல்லாம் இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில்தான் என்று கண்டுபிடித்தார். அந்த எல்லையை எப்படி வரையறுப்பது என்று இப்போது இருவரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறோம்.

நிறுவனத்துக்கும் எழுதிவிட்டேன். பாயிண்ட் பணி வேண்டாம், விலைப் பணி இப்போதைக்கு வேண்டாம், ஜவ்வரிசித் தரம் மட்டும் மூன்று மாத முன்னோட்டமாகச் செய்யலாம், தவறவிட்ட குறைக்கும் தவறாகச் சொன்ன குறைக்கும் தனித்தனி எண் வேண்டும், சோதனை மாதிரிகள் என்னிடமே இருக்கும் என்று தெரிவித்தேன். விலைப் பணியைக் கைவிடுவதில் அவர்களுக்கு மறுப்பில்லை. சோதனை மாதிரிகளில் பாதியையாவது முன்கூட்டி அனுப்பும்படி கேட்கிறார்கள். முடியாது என்று பதில் அனுப்பியிருக்கிறேன். நாற்பது பொட்டலத்தை அலுவலக அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

ஏற்காடு காப்பித் தோட்டம்

பதில் சரியானது. அந்த நாற்பதும் ஒரே வாரத்துச் சரக்காக இருந்தால் மழைக்காலத்தில் காய்ந்த சரக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அஸ்தம்பட்டி தரவுப் பொறியாளர்

ஒரு சிறு எச்சரிக்கை ஐயா. துணியிலோ தாளிலோ கட்டிய பொட்டலம் ஈரத்தை இழுக்கும், மூன்று மாதத்தில் நிறம் மாறிவிடும். அந்த நாற்பதையும் இன்றே ஒரே விளக்கின் கீழ், ஒரே தொலைவில் படம் எடுத்துத் தேதியோடு சேமித்துவிட்டு, காற்றுப் புகாத டப்பாவில் மாற்றி வையுங்கள். மழைக்காலச் சரக்கு வரும்போது அதற்கும் அதே விளக்கு.

ஆத்தூர் ஆலைக்காரர்

டப்பாவுக்கு ஆள் அனுப்பிவிட்டேன். படத்தை இன்று மாலைக்குள் எடுத்துவிடுகிறோம்.